பேட்மேன் ஓய்வெடுக்கலாமா?

2012 ஜூலை 16, திங்கட்கிழமை. ‘தி டார்க் நைட் ரைசஸ்’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வர இன்னும் நான்கு நாள் இருந்தது. முன்கூட்டியே படத்தைப் பார்த்துவிட்ட விமர்சகர்களின் கட்டுரைகள் ஒவ்வொன்றாக வெளிவந்துகொண்டிருந்தன. பெரும்பாலானவை பாராட்டு. மார்ஷல் ஃபைன் என்ற விமர்சகர் படம் தன்னைக் கவரவில்லை என்று எழுதினார். அவ்வளவுதான், ரசிகர்கள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். வாய்க்கு வந்தபடி வசவு. அதற்கும் மேலே போய் அடிப்போம், கொல்வோம் என்ற மிரட்டல். அசோசியேட்டட் பிரஸ்ஸின் விமர்சகர் கிறிஸ்டி லெமிரும் குறை சொல்லியிருந்தார். பெண் என்பதால் அவருக்கு வந்த வசவு இன்னும் கீழ்த்தரமாக இருந்தது. மறுநாள் ‘ராட்டன் டொமேட்டோஸ்’ தளம் இந்தப் படத்துக்கான வாசகர் கருத்துப் பகுதியையே மூடிவைத்தது.

திட்டிய ரசிகர்களுக்கு அதுவரை படத்தைப் பார்க்கும் வாய்ப்பே வந்திருக்கவில்லை. பார்க்காத படத்துக்காக இத்தனை ஆவேசம் எங்கிருந்து வந்தது? வெறித்தனம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடலாம். மிரட்டியவர்களுக்காக வாதாட எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆவேசத்துக்கு அடியில் ஏழு வருட நேசம் கிடந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல், இந்தப் படம் வெளிவந்த பிறகு நடந்த எதையும் புரிந்துகொள்ள முடியாது.

1997-ல் வந்த ‘பேட்மேன் அண்ட் ராபின்’ அந்தப் பாத்திரத்தை ஏறக்குறைய கேலிப்பொருளாக்கிவிட்டிருந்தது. எட்டு வருடம் கழித்து, 2005-ல், கிறிஸ்டோஃபர் நோலன் ‘பேட்மேன் பிகின்ஸ்’ எடுத்தார். காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் தங்கள் நாயகனை ஒருவர் மதித்து நடத்துவதைத் திரையில் கண்டார்கள். 2008-ல் ‘தி டார்க் நைட்’. ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் அந்த ஆண்டு ஜனவரி 22 அன்றே இறந்துபோனார். படம் வந்தது ஜூலையில். அவரைத் தேர்ந்தெடுத்தபோது எதிர்த்த அதே ரசிகர்கள், திரையில் அவரைப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனார்கள். மறைவுக்குப் பின் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் எட்டுப் பரிந்துரைகள் பெற்ற அந்தப் படத்துக்குச் சிறந்த படத்துக்கான பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. 2009-ல் அந்தப் பட்டியலை ஐந்திலிருந்து பத்தாக அகாடமி விரிவாக்கியதற்கு இந்தப் புறக்கணிப்பும் ஒரு காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. ரசிகர்கள் மனதில் அது ஆறாத வடுவாகவே இருந்தது. மூன்றாவது படம் வரும்போது அந்தக் கணக்கு நேராகும் என்று நான்கு வருடம் காத்திருந்தார்கள். மார்ஷல் ஃபைன் எழுதிய சில பத்திகள் விழுந்தது அந்தக் காத்திருப்பின் மேல்.

காத்திருந்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. 2011 டிசம்பரில், ‘மிஷன் இம்பாசிபிள்: கோஸ்ட் புரோட்டோகால்’ ஐமேக்ஸ் திரைகளில் ஓடியபோது, அதற்கு முன்னால் இந்தப் படத்தின் முதல் ஆறு நிமிடக் காட்சியைப் போட்டார்கள். ஸ்காட்லாந்து வானத்தில் ஒரு விமானத்தை இன்னொரு விமானம் கவ்வி நிமிர்த்தும் காட்சி. படமாக்கத்தைப் பார்த்து அசந்துபோனவர்கள், வெளியே வந்ததும் ஒரே குறையைச் சொன்னார்கள்: வில்லன் பேன் பேசுவது புரியவில்லை. முகமூடிக்குள்ளிருந்து டாம் ஹார்டி பேசிய அந்த விநோதமான குரலுக்கு, பார்ட்லி கோர்மன் என்ற வெறுங்கைக் குத்துச்சண்டை வீரரின் பேச்சுதான் மாதிரி. வாரக்கணக்கில் இதே பேச்சாகக் கிடந்தது. ஜூலையில் படம் வந்தபோது பேனின் குரல் மற்ற எல்லா ஒலிகளுக்கும் மேலே தூக்கலாகக் கேட்டது. சில காட்சிகளில் அவர் அரங்கின் கூரையிலிருந்து பேசுவதுபோல இருக்கும். ரசிகர்களின் முணுமுணுப்பு ஒலிக்கலவை வரை எட்டிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

‘இது எங்கள் படம்’ என்று ரசிகர் சொன்னால் அது வெறும் உரிமைப் பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது. ரசிகர்கள் உண்மையிலேயே இந்தப் படத்துக்குள் இருக்கிறார்கள். 2011 ஆகஸ்ட் 6 அன்று பிட்ஸ்பர்க் நகரின் ஹைன்ஸ் ஃபீல்டு கால்பந்து மைதானத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்பளம் வாங்காமல் வந்து உட்கார்ந்தார்கள். கதைப்படி அது குளிர்காலம். ஆகஸ்ட் வெயிலில் கனத்த கோட்டும் கம்பளித் தொப்பியும் மாட்டிக்கொண்டு, வியர்வை வழிய வழியக் குளிரில் நடுங்குகிறவர்கள்போல நடித்தார்கள். உள்ளூர் ஸ்டீலர்ஸ் அணியின் ஹைன்ஸ் வார்டு பந்தைப் பிடித்துக்கொண்டு ஓட, அவர் பின்னால் மைதானம் இடிந்து விழும் காட்சிக்காக அந்தக் கூட்டம். இதுபோலவே, சிறையில் கைதிகள் சேர்ந்து முழங்கும் ‘டெஷி பசாரா’ என்ற கோஷம். இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர் அதை இணையத்தில் வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் தங்கள் குரலில் பதிவு செய்து அனுப்பலாம் என்று கேட்டுக்கொண்டார். ஆயிரக்கணக்கில் குரல்கள் வந்தன. அவற்றை ஒன்றோடொன்று கலந்துதான் அந்த முழக்கம் உருவானது. பேட்மேன் கிணறு போன்ற அந்தச் சிறையிலிருந்து ஏறும்போது அவனை மேலே தள்ளும் குரல் அவனுடைய ரசிகர்களின் குரல்.

ஜூலை 19 நள்ளிரவுக் காட்சிக்கு அமெரிக்கா முழுக்கப் போனவர்கள் இவர்கள்தான். நேசத்தில் முதல் வரிசையில் நின்றவர்கள். மறுநாள் வேலை இருந்தாலும், பள்ளி இருந்தாலும், முதல் காட்சியைத் தவறவிடக் கூடாது என்று வந்தவர்கள். கொலராடோ மாநிலம் அரோராவின் செஞ்சுரி 16 வளாகத்திலும் அப்படியொரு கூட்டம். பேட்மேன் உடையில் சிலர், சட்டையில் வவ்வால் சின்னத்தோடு சிலர், குழந்தையைக் கூட்டிவந்தவர்கள் சிலர். படம் தொடங்கி அரை மணி நேரம்போல ஆகியிருந்தது. திரையருகே இருந்த அவசர வழியாக ஒருவன் கவச உடையில் உள்ளே வந்து புகைக்குண்டை வீசினான். படத்துக்கான விளம்பர ஏற்பாடு என்றே சிலர் முதலில் நினைத்தார்கள். பிறகு சுடத் தொடங்கினான். பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அவர்களில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். சுமார் எழுபது பேர் காயமடைந்தார்கள். தங்கள் தோழிகளைத் தரையில் தள்ளி, அவர்கள் மேல் கவிழ்ந்து குண்டைத் தாங்கி இறந்த இளைஞர்கள் மூன்று பேர்.

அன்று பாரிஸில் நடக்கவிருந்த சிறப்புக் காட்சியை வார்னர் பிரதர்ஸ் ரத்து செய்தது. வார இறுதி வசூல் விவரத்தை உடனே வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தது. மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. படத்தோடு சேர்த்துப் போட்ட ‘கேங்ஸ்டர் ஸ்குவாட்’ முன்னோட்டத்தில் திரையரங்குக்குள் துப்பாக்கிச் சூடு நடக்கும் காட்சி இருந்தது. முன்னோட்டத்தை நீக்கினார்கள், அந்தப் படத்தில் அந்தக் காட்சியையே மாற்றி எடுத்தார்கள். ஏஎம்சி திரையரங்குகள் முகத்தை மறைக்கும் முகமூடியோடு வரத் தடை போட்டன. நோலன் வெளியிட்ட அறிக்கையில், திரையரங்கு தன் வீடு என்றும், கள்ளமில்லாத அந்த இடத்தை ஒருவன் இப்படிச் சிதைத்ததைத் தாங்க முடியவில்லை என்றும் சொல்லியிருந்தார். நான்கு நாள் கழித்து கிறிஸ்டியன் பேல், நிறுவனத்தின் சார்பில் அல்லாமல் தன் சொந்த விருப்பத்தில் அரோராவுக்குப் போய், மருத்துவமனையில் இருந்தவர்களைப் பார்த்தார்.

இங்கே ஒரு பொய்யைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொலையாளி தன்னை ஜோக்கர் என்று சொல்லிக்கொண்டான் என்ற செய்தி அன்றே பரவியது. இன்றும் பலர் அதை உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை என்று வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் பின்னாளில் தெளிவாகச் சொன்னார். அந்த வதந்தி பேட்மேன் ரசிகர்களுக்குச் செய்த அநியாயம் பெரிது. அன்றிரவு அந்த அரங்கில் இருந்த ரசிகர்கள் சுடப்பட்டவர்கள். சுட்டவன் அவர்களில் ஒருவன் என்று உலகம் பேசியது. மகனைப் பறிகொடுத்த ஒரு பெற்றோர், இப்படிப்பட்ட கொலையாளிகளின் பெயரையும் படத்தையும் ஊடகங்கள் திரும்பத் திரும்பக் காட்டக் கூடாது என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள். அதனால் அவன் பெயர் இந்தக் கட்டுரையிலும் இல்லை. 2019-ல் ‘ஜோக்கர்’ படம் வந்தபோது, பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சில வார்னர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதின. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டன. அரோராவின் அந்த வளாகத்தில் ‘ஜோக்கர்’ திரையிடப்படவில்லை.

இத்தனைக்கும் நடுவில், முதல் மூன்று நாளில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 16 கோடி டாலர் வசூல். அரங்கை விட்டு வெளியே வந்தவர்களிடம் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர் ஏ தரம் கொடுத்தது. இறுதிக் கணக்கில் உலக வசூல் 108 கோடி டாலரைத் தாண்டியது. ‘தி டார்க் நைட்’ படத்தைவிட அதிகம். அமெரிக்காவுக்குள் மட்டும் முந்தைய படத்தின் 53 கோடியை எட்டாமல் 45 கோடிக்கு அருகில் நின்றது. ஆக, படம் பிடித்தது. ஆனால் பிடித்தவர்களே அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார்கள்.

மூவாயிரம் போலீஸ்காரர்கள் மாதக்கணக்கில் சுரங்கத்தில் அடைபட்டுக் கிடந்தும் எப்படி மழமழவென்று மழித்த முகத்தோடு வெளியே வந்தார்கள்? பங்குச் சந்தையிலிருந்து கிளம்பிய பைக் துரத்தல் பட்டப்பகலில் தொடங்கி எப்படிச் சில நிமிடத்தில் இருட்டில் முடிகிறது? கையில் காசில்லாத புரூஸ் வேன் (பேட்மேனின் நிஜப் பெயர்), உலகின் மறுகோடிச் சிறையிலிருந்து, பாலங்களெல்லாம் தகர்க்கப்பட்ட காத்தம் நகருக்குள் எப்படி வந்து சேர்ந்தான்? இந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது. நோலன் ஒரே ஒரு காட்சி வைத்திருந்தால் போதும். நடிகை மரியான் கோட்டியாரின் பாத்திரம் கண் மூடும் காட்சி கேலிக்கு ஆளானதும் எனக்கு ஆச்சரியமில்லை. அத்தனை முக்கியமான பாத்திரத்தின் மரணத்தை அவ்வளவு அவசரமாக முடித்திருக்க வேண்டாம்.

ஆனால் முதுகெலும்பு விவகாரத்தில் ரசிகர்களோடு நான் உடன்படவில்லை. பேன் பேட்மேனின் முதுகை முறிப்பான் என்பது 1993-ல் வந்த ‘நைட்ஃபால்’ தொடரைப் படித்த எல்லோருக்கும் முன்பே தெரியும். கயிற்றில் தொங்கவிட்டு முதுகில் ஒரு குத்து விட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டார்கள். மருத்துவப்படி ஆகாதுதான். அந்தச் சிறைக் காட்சிகளில் நோலன் காட்ட வந்தது வேறு. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறும் ஒவ்வொரு முறையும் புரூஸ் விழுகிறான். கண் தெரியாத கிழவர் ஒருவர் அவனிடம், சாவுக்கு நீ பயப்படவில்லை, அதுதான் உன் பலவீனம் என்கிற பொருளில் பேசுகிறார். கடைசி முறை அவன் கயிறில்லாமல் ஏறுகிறான். தாவ வேண்டிய இடத்தில், சுவர்ப் பொந்திலிருந்து வவ்வால்கள் கலைந்து பறக்கின்றன. முதல் படத்தில் சிறுவனாகக் கிணற்றில் விழுந்தபோது அவனை நடுங்க வைத்த அதே வவ்வால்கள். அவன் பயப்படுகிறான், தாவுகிறான். மேலே வந்து நிற்கும் இடம் ராஜஸ்தான்; தூரத்தில் ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டை தெரிகிறது. 2011-ல் நோலன் குழு இங்கே வந்து எடுத்த காட்சி அது. எட்டு வருடமாகச் சாவைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு உயிர்மேல் ஆசை திரும்புவது அந்தத் தாவலில்தான். அந்த ஆசை வராவிட்டால் படத்தின் முடிவுக்கு அர்த்தமே இல்லை.

முடிவுக்கு வருவதற்கு முன், இரண்டாவது, மூன்றாவது படங்களின் கதைகளுக்கு இடைப்பட்ட அந்த எட்டு வருடம். ரசிகர்களுக்கு இதில்தான் மெய்யான மனத்தாங்கல். ‘தி டார்க் நைட்’ கடைசிக் காட்சியில், அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட் செய்த கொலைகளைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பேட்மேன் ஓடுகிறான், நாய்கள் துரத்துகின்றன. அந்தக் காட்சியிலிருந்து ரசிகர்கள் தங்கள் மனதுக்குள் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் வேட்டையாட வேட்டையாட, இரவு தவறாமல் ஊரைக் காக்கும் பேட்மேன். நான்கு வருடம் அவர்கள் வாழ்ந்தது அந்தப் படத்தோடு. மூன்றாவது படம் திறந்தால், அன்றிரவோடு அவன் விட்டுவிட்டான் என்கிறது. கைத்தடி ஊன்றி, முட்டி தேய்ந்து, மாளிகையின் ஒரு பகுதிக்குள் முடங்கிக் கிடக்கிறான். போதாக்குறைக்கு ஜோக்கரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது லெட்ஜருக்குக் காட்டிய மரியாதை. அந்த மௌனம் சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் இரண்டும் சேர்ந்து, ரசிகர்கள் மனதில் ஓடிய அந்த இரண்டரை மணி நேரப் படம் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டன. கல்யாண வீட்டுக்குப் பசியோடு வந்தவருக்கு, எதிர்பார்த்த பந்தி முடிந்துவிட்டது என்று சொன்னால் வருகிற முகவாட்டம், பல விமர்சனங்களில் எனக்குத் தெரிந்தது.

பிறகு அந்த முடிவு. அணுகுண்டைத் தன் விமானத்தில் கடலுக்கு மேலே தூக்கிச் செல்கிறான் பேட்மேன். வெடிக்கிறது. ஊர் சிலை வைக்கிறது. புரூஸை வளர்த்த ஆல்ஃபிரட் அவன் கல்லறை முன் நின்று அழுகிறார். பிறகு ஃபுளோரன்ஸ் நகரில், ஆர்னோ நதிக்கரைக் காபிக்கடையில் அவர் நிமிர்ந்து பார்க்க, எதிர் மேசையில் புரூஸும் செலினாவும். ஒரு தலையசைப்பு. பேச்சில்லை.

கனவு என்றது ஒரு கூட்டம். ‘இன்செப்ஷன்’ எடுத்தவர் இப்படித்தான் முடிப்பார் என்பது அவர்கள் கட்சி. படத்தின் தொடக்கத்திலேயே ஆல்ஃபிரட் இந்தக் காபிக்கடைக் கற்பனையைச் சொல்கிறாரே. நகைத் திருடி செலினாவோடு நீ காபி சாப்பிடலாமே என்று விளையாட்டாகவும் சொல்கிறாரே. ஆகவே அவர் மனம் கண்ட காட்சிதான் அது என்றார்கள். நிஜம் என்றவர்கள் தடயங்களை அடுக்கினார்கள். விமானத்தின் தானியங்கி இயக்கத்தை ஆறு மாதத்துக்கு முன்பே புரூஸ் வேன் சரிசெய்துவிட்டதை அவன் நிறுவனத்தின் லூசியஸ் ஃபாக்ஸ் கண்டுபிடிக்கிறார். சொத்துக் கணக்கில் முத்துமாலை மட்டும் குறைகிறது. உடைந்த வவ்வால் விளக்கு மாடியில் புதிதாக நிற்கிறது. இத்தனையும் கிழவரின் கற்பனைக்கு வெளியே நடப்பவை. எனக்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. பேலும் மைக்கேல் கேனும் அது நிஜம்தான் என்றே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது கூட்டம்தான் முக்கியம். நிஜமாகவே இருக்கட்டும், ஆனால் பேட்மேன் இப்படி விட்டுவிட்டுப் போகமாட்டான் என்றவர்கள். 1939-லிருந்து அவன் நிரந்தரமாக ஓய்வெடுத்ததில்லை என்பது அவர்கள் வாதம். ஃபிராங்க் மில்லர் 1986-ல் எழுதிய ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ முடிவிலும் புரூஸ் செத்ததுபோல நடித்து மறைகிறான். ஆனால் நிலத்தடியில் இளைஞர்களைச் சேர்த்துப் போராட்டத்தைத் தொடரத்தான். பெற்றோரின் கொலை ஆறாத புண் என்பதால்தான் அவன் பேட்மேன். அது ஆறிவிட்டால் அவன் பேட்மேனே இல்லை என்றார்கள். இது அலட்சியப்படுத்தக் கூடிய வாதமல்ல. அவர்களில் பலர் தங்கள் சொந்தத் துயரத்துக்கு அவனைத் துணையாக வைத்துக்கொண்டவர்கள். காமிக்ஸிலேயே இதற்கு எதிர் உதாரணமும் உண்டு: 1977-ல் வந்த ஒரு கதையில், ‘எர்த் டூ’ உலகத்து புரூஸ் செலினாவை மணந்து ஒரு மகளைப் பெற்றிருக்கிறான்.

ஆனால் நோலனின் புரூஸை அவன் வார்த்தையைக் கொண்டே அளக்க வேண்டும். இரண்டாவது படம் முழுக்க அவன் விடுபடத்தான் துடிக்கிறான். முகமூடி இல்லாத ஒரு நேர்மையான மனிதரிடம் ஊரை ஒப்படைத்துவிடலாம் என்று டென்ட்டை நம்புகிறான். அந்த நம்பிக்கை பொய்த்ததுதான் அவனை நொறுக்குகிறது. எட்டு வருடம் அவன் வீட்டுக்குள் கிடந்ததை ஓய்வு என்று யாரும் சொல்ல முடியாது. அது துக்கம் அவனைத் தின்ற காலம். அவன் மறுபடி உடையை மாட்டியபோது ஆல்ஃபிரட் அழுதுகொண்டே வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம், இவன் சாகத்தான் கிளம்புகிறான் என்று அவருக்குத் தெரிந்ததுதான். காபிக்கடையில் அவர் பார்ப்பது அதற்கு நேர்மாறான ஒருவனை. வளர்த்த பிள்ளை ஊரைக் காப்பாற்றியதைவிட, எங்கோ ஒரு மேசையில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஏங்கிய ஒரு கிழவரின் ஆசை நிறைவேறுகிறது. புரூஸின் ஓய்வைக் கோழைத்தனம் என்று சொன்னவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று படத்திலும் புரூஸ் செய்த கடினமான காரியம் இதுதான்.

வார்னர் நிறுவனத்துக்கு அந்த ஓய்வு கட்டுப்படியாகவில்லை. 2013 ஆகஸ்டில் பென் அஃப்லெக் புதிய பேட்மேன் என்று அறிவித்தார்கள். அவரை நீக்கக் கோரி இணையத்தில் மனுக்கள் எழுந்தன. 1988-ல் மைக்கேல் கீட்டனுக்கும் பிறகு லெட்ஜருக்கும் எழுந்த அதே எதிர்ப்பு. நான்காவது படத்தில் நடிக்கத் தன்னைக் கேட்டார்கள் என்றும், மறுத்துவிட்டதாகவும் பேல் 2019-ல் சொன்னார். மூன்று படம் எடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால் அதோடு நிறுத்திக்கொள்வோம் என்று நோலன் அவரிடம் முன்பே சொல்லியிருந்தாராம். பேல் அந்தப் பேச்சைக் காப்பாற்றினார்.